40 நிமிடத்தில் 96 மில்லி விநாடி: ஒரு சோர்வு ஆய்வும் இரண்டு கடிகாரங்களும்

ஆய்வின் கேள்வி எளிமையானது. ஒருவர் 40 நிமிடம் இடைவெளியே இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணில் படும் காட்சிக்கு மூளை பதில் தரும் வேகம் குறைகிறதா? சதுரங்கப் பலகை போன்ற ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம், 1.2 முதல் 1.8 விநாடிக்கு ஒருமுறை, திரையில் வந்து போகும். எப்போதாவது நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மொத்தம் 1,600 கட்டங்கள். கூடவே விநாடிக்கு 500 சாம்பிள் (அளவீடு) வீதம் இ.இ.ஜி. பதிவு, அதாவது மூளையின் மின் அலைகளின் பதிவு. பங்கேற்றவர்கள் 18 பேர். தரவுப் பகுப்பாய்வு என் பொறுப்பு. பதிவு வேலையை ஓர் ஆய்வு மாணவர் பார்த்துக்கொண்டார்.

அறையில் இரண்டு கணினிகள். ஒன்றில் பைத்தானில் எழுதிய பரிசோதனை நிரல் ஓடும். அது படத்தைக் காட்டும், காட்டிய நேரத்தை லாக் கோப்பில் எழுதும். இன்னொன்று, மூளை அலைகளைப் பெருக்கி அளக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருவதை வாங்கிச் சேமிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன டிரிகர் பெட்டி. ஒவ்வொரு படத்துக்கும் நிரல் அதற்கு ஒரு கட்டளை அனுப்பும், பெட்டி ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பல்ஸ் தரும், அது இ.இ.ஜி. கோப்பில் ஒரு குறியாக விழும். பார்வை ஆய்வுகளில் இது பழகிப்போன ஏற்பாடுதான்.

தள்ளிப்போன அலை

மூளையின் பதில் அலை ஒரே தடவையில் கண்ணுக்குத் தெரியாது. பின்னணி இரைச்சலில் அமிழ்ந்து கிடக்கும். படம் தோன்றிய கணத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, நூற்றுக்கணக்கான தடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் அது எழுந்து வரும். அந்தப் பூஜ்ஜியம் எல்லாத் தடவையும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அலையும் அப்படியே தள்ளி நிற்கும், வடிவம் கெடாது. தடவைக்குத் தடவை வேறு வேறு அளவில் தள்ளினால் அலை தட்டையாகி அகன்றுவிடும். மூன்றாவது வகை, மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போவது. எங்கள் தரவில் மூன்றும் சேர்ந்தே இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

40 நிமிடத்தைப் பகுப்பாய்வுக்காக நான்கு 10 நிமிடப் பகுதிகளாகப் பிரித்திருந்தோம். முதல் சராசரிகள் வந்ததும் மாணவர் கூப்பிட்டார். “அக்கா, பி1 பாருங்க. முதல் பகுதியில 140-ல இருக்கு, கடைசிப் பகுதியில 212-க்குப் போயிடுச்சு. ஒவ்வொரு பகுதிக்கும் படிப்படியா ஏறுது. நாம எதிர்பார்த்ததுதானே?”

எதிர்பார்த்ததுதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பி1 என்பது பின்மண்டையில், படம் தோன்றிச் சுமார் 100 மில்லி விநாடியில் எழும் முதல் பெரிய நேர்மின் முகடு. கண்ணிலிருந்து பார்வைப் புறணி வரைக்கும் செய்தி போய்ச் சேரும் ஆரம்பக் கட்டம் அது. களைப்பால் அது உயரம் குறையலாம், கொஞ்சம் தாமதிக்கலாம். 72 மில்லி விநாடி தாமதிக்க வழியில்லை. அவ்வளவு தள்ளியிருந்தால் அந்த மனிதருக்குச் சோர்வு என்று சொல்லக் கூடாது, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவும் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளல். மனிதர்கள் இப்படி ஒரே அளவாகக் களைத்துப்போவதில்லை. கருவிகள்தான் இப்படி நடந்துகொள்ளும்.

“பூஜ்ஜியத்தை எதிலிருந்து எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“லாக் கோப்பிலிருந்து. இ.இ.ஜி. கோப்புல பாதிக் குறி இல்லை அக்கா. அதனால முதல் குறியையும் லாகோட முதல் வரியையும் ஒண்ணா வச்சு, மிச்சத்தை லாக் நேரத்துலயே எடுத்துக்கிட்டேன்.”

இரண்டு விஷயம் அந்த ஒரு பதிலில் இருந்தது. குறிகள் ஏன் பாதி காணாமல் போயின? ஒரே ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டு, மிச்சம் 40 நிமிடமும் இரண்டு கடிகாரங்களும் கைகோத்து நடக்கும் என்று எப்படி நம்பினோம்?

பாதிக் குறிகள்

முதல் கேள்விக்கு விடை சீக்கிரம் கிடைத்தது. டிரிகர் பெட்டி தந்த பல்ஸின் நீளம் 1 மில்லி விநாடி. ஆம்ப்ளிஃபையர் டிரிகர் கம்பியை எட்டிப்பார்ப்பது ஒவ்வொரு சாம்பிளின்போதும், அதாவது 2 மில்லி விநாடிக்கு ஒருமுறை. இரண்டு பார்வைகளுக்கு நடுவே பல்ஸ் வந்து போய்விட்டால் அது நடந்ததாகவே பதிவாகாது. 1-க்கு 2 என்ற கணக்குப்படி பாதிக்குப் பாதிதான் மாட்டும். ஒருவருடைய கோப்பில் 1,600-க்கு 811 குறிகள் இருந்தன. ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கும் இதை ஒட்டியே. பல்ஸ் குறைந்தது இரண்டு மூன்று சாம்பிள் அளவுக்காவது நீண்டிருக்க வேண்டும். நாங்கள் இப்போது 10 மில்லி விநாடி வைக்கிறோம்.

ஒத்திகை பார்த்தபோது இது எப்படித் தப்பியது? ஒத்திகையை விநாடிக்கு 1,000 சாம்பிளில் நடத்தியிருந்தார்கள். அதில் 1 மில்லி விநாடி பல்ஸ் மாட்டிக்கொண்டது. பிறகு கோப்பு பெரிதாகிறது என்று 500-க்கு இறக்கியபோது யாரும் குறிகளை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு கோடும் அதன் மிச்சமும்

இரண்டாவது கேள்விதான் இந்த ஆய்வின் உயிர். கணினியிலும் சரி, ஆம்ப்ளிஃபையரிலும் சரி, நேரத்தை அளப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். சாதாரணப் படிகங்கள் பத்து லட்சத்துக்குச் சில பத்துப் பங்கு முன்பின் ஓடும். தனியாகப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். பத்து லட்சத்துக்கு 40 என்று வைத்துக்கொண்டு 40 நிமிடத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 2,400 விநாடி, அதில் பத்து லட்சத்துக்கு 40 என்றால் 96 மில்லி விநாடி. பி1 அலை தோன்றுவதற்கே ஆகும் நேரம் அது.

இதைத் தரவிலேயே பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தோம். கையில் இருந்தவை லாகில் 1,600 நேரங்கள், இ.இ.ஜி. கோப்பில் 811 குறிகள். எந்தக் குறி எந்தப் படத்துக்கு உரியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. படங்களுக்கு நடுவிலான இடைவெளி ஒவ்வொரு தடவையும் சமவாய்ப்பில் மாறியதால், அடுத்தடுத்த நான்கைந்து இடைவெளிகள் சேர்ந்து ஒரு கைரேகை மாதிரி ஆகிவிட்டன. 1.31, 1.77, 1.24, 1.58 என்ற வரிசை 40 நிமிடத்தில் வேறெங்கும் திரும்ப வராது. எல்லா இடைவெளியும் சரியாக 1.5 விநாடி என்று வைத்திருந்தால், ஒரு குறி தவறினாலும் எல்லாமே ஓரிடம் நகர்ந்து பொருந்தியிருக்கும். நமக்குத் தெரியவும் தெரியாது. இடைவெளியை மாற்றி மாற்றி வைப்பது பங்கேற்பவர் முன்கூட்டியே ஊகிக்காமல் இருக்கத்தான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது இந்த இரண்டாவது காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பொருத்தியதும், லாக் நேரத்தைக் கிடையச்சிலும் இ.இ.ஜி. நேரத்தை நிலையச்சிலும் வைத்து ஒரு நேர்கோடு போட்டோம். சாய்வு 1.00004. இ.இ.ஜி. மென்பொருள் சாம்பிள்களை எண்ணி 500-ஆல் வகுத்து நேரம் சொல்கிறது. ஆனால் பரிசோதனைக் கணினியின் கணக்கில் அந்தக் கருவி விநாடிக்கு 500.02 சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தது. 40 நிமிடத்தில் 48 சாம்பிள் கூடுதல், 48 இரண்டுகள் 96. யார் கடிகாரம் சரி, யாருடையது தப்பு என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

முதல் பகுதியின் நடுப்புள்ளி 5-ஆம் நிமிடம், அங்கே விலகல் 12 மில்லி விநாடி. கடைசிப் பகுதியின் நடுப்புள்ளி 35-ஆம் நிமிடம், அங்கே 84. வித்தியாசம் 72. மாணவர் சோர்வு என்று பார்த்த அதே 72. அவர் அந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். மூன்று மாத வேலை அது. அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. தரவு சொன்ன கதையும் ஆய்வின் கருதுகோளும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசிவரை குறி விழுந்த 17 பேருக்கும் தனித்தனியாகக் கோடு போட்டோம். சாய்வு பத்து லட்சத்துக்கு 38 முதல் 41 வரை இருந்தது. படிகத்தின் வேகம் வெப்பநிலையோடு சற்று மாறும் என்பதால், ஒருநாள் அளந்த எண்ணையே என்றென்றும் பயன்படுத்த முடியாது; ஒவ்வொரு பதிவுக்கும் அதனதன் கோடு வேண்டும்.

ஒருவருடைய கோடு மட்டும் 22-ஆம் நிமிடத்தில் உடைந்து 340 மில்லி விநாடி குதித்தது. காரணம், அன்று பதிவின் நடுவில் கணினியில் இணையக் கம்பி செருகப்பட்டிருக்கிறது. நிரல் நேரத்தை எடுத்தது பைத்தானின் டைம் டாட் டைம் அழைப்பில். அது சுவர்க் கடிகாரம் மாதிரி, இணைய நேரத்தோடு ஒத்துப்போகத் திருத்தப்படும். அந்தத் திருத்தத்தைச் செய்யும் வழக்கமான என்டிபி நிரல், வித்தியாசம் 128 மில்லி விநாடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தை ஒரேயடியாகத் தாவ வைக்கும். அதற்குக் கீழே என்றால் விநாடிக்கு அதிகபட்சம் அரை மில்லி விநாடி வீதம் மெல்ல இழுக்கும். தாவல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மெல்ல இழுப்பதுதான் மோசம். கோட்டை உடைக்காமல் வளைத்துவிடும். இடைவெளியை அளக்க வேண்டிய வேலைக்கு, யாராலும் திருத்தப்படாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும் கடிகாரம் வேண்டும். பைத்தானில் பெர்ஃப் கவுண்டர் என்ற அழைப்பு அதற்காகவே இருக்கிறது. அந்த ஒருவருக்கு, குதிப்புக்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு என்று இரண்டாகப் பிரித்துச் சரிசெய்தோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். கோட்டிலிருந்து ஒவ்வொரு குறியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று வரைந்து பார்த்தால், 2 மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டியவை கிட்டத்தட்ட 17 மில்லி விநாடி அகலத்துக்குச் சீராகப் பரவிக் கிடந்தன. மணி வடிவமாக இருந்தால் ஏதோ தற்செயல் இரைச்சல் என்று விட்டிருப்பேன். ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் இருந்தன. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃப்ரேமுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 16.7 மில்லி விநாடி. நிரலைத் திறந்து பார்த்தோம். படத்தை வரையச் சொல்லும் வரிக்கு முன்னாலேயே நேரம் லாகில் எழுதப்படுகிறது. படம் உண்மையில் திரைக்குப் போவது அதற்குப் பிறகு வரும் ஃப்ளிப்பில். ஃப்ளிப் அடுத்த திரைப் புதுப்பிப்பு வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு சில நேரம் 1, சில நேரம் 15 மில்லி விநாடி. குறியோ ஃப்ளிப் முடிந்த பிறகு போகிறது. ஆக லாக் சொன்னது “படம் காட்ட நினைத்த நேரம்”, இ.இ.ஜி. குறி சொன்னது “படம் போன நேரம்”. இத்தகைய பரிசோதனைகளுக்கான சைக்கோபை, சைக்டூல்பாக்ஸ் மென்பொருள்கள் இரண்டுமே ஃப்ளிப் நடந்த நேரத்தைத் திருப்பித் தருகின்றன. அதை வாங்கி எழுதியிருந்தால் போதும்.

குறி விழுந்த 811 படங்களுக்குக் கவலை இல்லை. விழாத மீதியை என்ன செய்வது? திரைப் புதுப்பிப்பு ஒரு தாளம். இரண்டு ஃப்ளிப்களுக்கு நடுவே உள்ள நேரம் எப்போதும் முழு ஃப்ரேம்களின் கணக்கில்தான் இருக்கும். அருகில் உள்ள ஒரு நல்ல குறியிலிருந்து அந்தத் தாளத்தை எண்ணிக்கொண்டே போனால், லாக் நேரத்துக்கு அடுத்து விழும் ஃப்ரேம்தான் படம் போன கணம். பெரும்பாலும் அடுத்த நல்ல குறி சில விநாடிக்குள் இருந்ததால் எண்ணிக்கை தவற இடமில்லை. சோதித்துப் பார்க்க, இருக்கிற குறிகளில் பாதியை மறைத்துவிட்டு இதே முறையில் ஊகித்தோம். ஒரு சாம்பிளுக்குள் பொருந்தின. இந்த ஒரு மாலை வேலை எனக்கு மறக்காது.

திரை எப்போது ஒளிர்ந்தது

எல்லாம் திருத்திய பிறகு நான்கு பகுதிகளிலும் பி1 ஒரே இடத்தில் வந்து நின்றது, 128 மில்லி விநாடியில். முகடும் முன்பைவிடக் கூர்மையாகவும் உயரமாகவும் ஆனது. ஆனால் 128 இன்னும் தாமதம்தான்.

குறியும் லாகும் கணினியின் வார்த்தையைத்தான் சொல்கின்றன. பங்கேற்பவரின் கண்ணுக்கு வெளிச்சம் எப்போது போனது என்று திரையைத்தான் கேட்க வேண்டும். ஒரு போட்டோடையோடை (ஒளி பட்டால் மின் சைகை தரும் சென்சார்) கறுப்பு டேப்பால் திரையில் ஒட்டி, அதன் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் உபரி உள்ளீட்டில் செருகினோம். இதில் ஒரு நன்மை: ஒளியும் குறியும் ஒரே கருவியில் ஒரே படிகத்தின் கணக்கில் பதிவாகின்றன, மூன்றாவது கடிகாரம் உள்ளே வரவில்லை. திரையில் வெள்ளைச் சதுரம் ஒன்றை 200 முறை மின்னவிட்டோம். குறி விழுந்து 27 மில்லி விநாடி கழித்தே ஒளி ஏறியது, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே 27. சென்சாரை மேல் ஓரத்தில் ஒட்டினால் 19, கீழ் ஓரத்தில் 35. திரை மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதப்படுவதன் நேரடித் தடயம் அது. மானிட்டரின் மெனுவில் பட மேம்பாட்டு வசதிகளை அணைத்ததும் முழுசாக ஒரு ஃப்ரேம் குறைந்து, நடுவில் 27 என்பது 10 ஆனது.

பழைய பதிவுகள் எல்லாம் அதே திரை, அதே அமைப்பில் எடுத்தவை. கட்டம் வந்தது திரை நடுவில். ஆகவே 27-ஐக் கழிக்கலாம். 128-இல் 27 போனால் 101.

இப்போது பதிவு நடக்கும் முறை

போட்டோடையோடு நிரந்தரமாகத் திரை மூலையில் ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் அந்த மூலையில் சின்ன வெள்ளைச் சதுரம் மின்னும். பங்கேற்பவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஒரு சிறு நிரல் ஓடும். அனுப்பிய குறி எத்தனை, விழுந்தது எத்தனை, கோட்டின் சாய்வு என்ன, மிச்ச வித்தியாசம் எத்தனை மில்லி விநாடிக்குள் இருக்கிறது, இவ்வளவுதான். படமாக வரைந்து காட்டும், எண்ணாக மட்டும் சொல்லாது. வெட்டிய ஓரத்தை எண்ணில் பார்த்திருக்க மாட்டேன்.

பொத்தான் பெட்டியிலும் கை வைத்தோம். யூஎஸ்பி வழி சீரியல் சிப்புகளில் சிலவற்றுக்கு, வந்த தரவைச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. எங்கள் பெட்டியில் இருந்த எஃப்டிடிஐ சிப்பில் அது இயல்பாக 16 மில்லி விநாடி. அதை 1-க்கு இறக்கினோம். அதோடு பொத்தானின் கம்பியையும் நேராக ஆம்ப்ளிஃபையருக்கே கொண்டுபோய்விட்டோம்.

அப்புறம் கண் அசைவுக் கருவி ஒன்று சேர்ந்தபோது லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருளுக்கு மாறினோம். அது கணினிகளுக்கு நடுவே அடிக்கடி செய்தி அனுப்பிக் கடிகார வித்தியாசத்தை அளந்து, அளந்ததைத் தரவோடு கோப்பில் சேர்த்து வைக்கிறது. திருத்தம் பிறகு, கோப்பைத் திறக்கும்போது நடக்கிறது. மூலத் தரவு கெடாமல் இருப்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பார்ப்பது, சாம்பிள் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தை. கருவிக்குள் அந்தச் சாம்பிள் எவ்வளவு நேரம் தங்கிவிட்டு வந்தது என்று அதற்குத் தெரியாது, திரை எப்போது ஒளிர்ந்தது என்றும் தெரியாது. ஐஇஇஇ 1588 என்ற பிடிபி முறையில் கணினிகளின் கடிகாரங்களை மைக்ரோ விநாடிக்குள் ஒன்றாக்கினாலும் இதே கதைதான். போட்டோடையோடை எடுத்துவிடலாமா என்று புதிதாக வந்தவர்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன்.

18 பேரில் ஒருவரை விட வேண்டியதாயிற்று. அவர் பதிவில் நான்காவது நிமிடத்திலேயே டிரிகர் கம்பி தளர்ந்துவிட்டது, அதன்பிறகு ஒரு குறிகூட இல்லை. மற்றவர்களின் சாய்வை அவருக்கும் போட்டால் என்ன என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 38-க்கும் 41-க்கும் நடுவே எது என்று தெரியாத நிலையில், மீதி 36 நிமிடத்தில் 6 மில்லி விநாடிக்கு மேல் பிசகலாம். நாங்கள் தேடிய வித்தியாசமே அதைவிடச் சின்னதாக இருக்கக்கூடும். காரணத்தை எழுதி வைத்துவிட்டு அந்தக் கோப்பை ஒதுக்கினோம்.

மீதி 17 பேரிடம் முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் நடுவே பி1 நேரத்தில் இருந்த வித்தியாசம் 1 மில்லி விநாடி. ஒரு சாம்பிளைவிடக் குறைவு. ஆனால் சிவப்புப் புள்ளிக்குப் பொத்தான் அழுத்தும் நேரம் 40 மில்லி விநாடிக்கு மேல் கூடியிருந்தது. அந்த எண்ணை நம்பலாம், ஏனென்றால் புள்ளி வந்த நேரமும் பொத்தான் அழுத்திய நேரமும் ஒரே கணினியின் ஒரே கடிகாரத்தில் எழுதப்பட்டவை. 22-ஆம் நிமிடக் குதிப்பு எந்தப் பொத்தானுக்கும் நடுவில் விழவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். கட்டுரை வரைவில் பி1 தாமதம் பற்றி இருந்த நான்கு பக்கங்களை மாணவர் எடுத்துவிட்டு, பார்வைப் புறணிக்குச் செய்தி போவதற்கும் கை அசைவதற்கும் இடையில் அந்த 40 மில்லி விநாடி எங்கே சேருகிறது என்று தேடத் தொடங்கியிருக்கிறார்.